மனுக்காரியின் முகவரி

தன்னாமுனை முகாம்,
20.02.2005

மகள் ஆர்த்திகாவுக்கு பெரியம்மா எழுதுறது. அம்மாள் காவல், நான் உசிரோட இரிக்கன். நீ நேரத்துக்குச் சாப்பிடு. கொழும்புத் தண்ணி உனக்கு ஒத்துவராது, கொதிக்கவெச்சுக் குடி.

கடல் அடிச்சுப் போன உன்ட அம்மாட முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிச்சு நீ பஸ் ஏறினதில இருந்து எனக்கு வாய்விட்டுக் கதைக்க ஆளில்ல. இந்த முகாமில எல்லாரும் அழுதுமுடிச்சுட்டு இப்ப சண்ட பிடிக்கத் தொடங்கிட்டாங்க. தண்ணிக்குச் சண்ட, பாய்க்குச் சண்ட. நான் ஒண்டுக்கும் போறல்ல. விடிய ஒழும்பி அம்மாள நினைச்சு விபூதி பூசிப்போட்டு இரிப்பன்.

நேத்து அரசாங்கக் கந்தோர்க்காரன் ஒருத்தன் வந்தான். கடலில இருந்து இருநூறு மீற்றருக்குள்ள இனி ஆரும் வீடு கட்டேலாதாம். எங்கட தில்லங்குடா முழுக்க அதுக்குள்ளதானே கிடக்கு, முன்னுக்குக் கடல், பின்னுக்குக் களப்பு. “தம்பி, பாராளுமன்றம் குளத்துக்கு நடுவில இரிக்காம். என்ட மகள் அங்கதான் வேல செய்யிறாள். அத எத்தின மீற்றர் தள்ளிக் கட்டச் சொன்னீங்க?” எண்டு கேட்டன். “அம்மா, எனக்கு மேலிடத்துச் சொல்” எண்டான். மேலிடம் எண்டா எனக்கு அம்மாள் மட்டும்தான் எண்டு சொல்லி அனுப்பிட்டன்.

புள்ள, உனக்குத் தெரியாததில்ல. அந்த வளவு எங்கட அம்மா எனக்கும் உன்ட அம்மாக்கும் சீதனமா எழுதித் தந்தது. நம்மட பக்கம் வீடு வளவு பொம்புளைக்குத்தானே. எனக்குப் பொட்டப்புள்ள இல்ல. என்ட பாதியும் என்ட தங்கச்சி இலட்சுமிப்பிள்ளைட பாதியும் இனி உனக்குத்தான். பெரியப்பாவும் உன்ட அம்மாவும் அதுக்குள்ளதான் கிடக்காங்க, புன்னையடியில. நாங்களே கையால தோண்டித் தாட்டம். அத விட்டுட்டு எங்க போறது?

நீ பாராளுமன்றத்தில அவங்க கதைக்கிறதெல்லாம் எழுதுறவள். இதையும் ஒரு மூலையில எழுதிவிடு.

உன்ட பெரியம்மா,
அன்னப்பூரணி

*

பொரளை, கொழும்பு
15.03.2005

அன்புள்ள பெரியம்மா,

உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும்தான் மூச்சு வந்தது. இருமல் குறைந்ததா? முகாமில் வைத்தியர் வந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள். நான் நலமாக இருக்கிறேன்.

என் வேலையைப் பற்றி உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்று தெரிகிறது. நாங்கள் தயாரிப்பது ஹன்சாட் அறிக்கை. சபையில் யார் என்ன சொன்னாலும் சொன்னபடி சுருக்கெழுத்தில் எடுக்க வேண்டும். தமிழில் பேசுவது எங்கள் பொறுப்பு, சிங்களத்தில் பேசுவதற்கு வேறு ஆட்கள். ஐந்து நிமிடம் நான் இருப்பேன். பிறகு ஸஹீதா வந்து என் இடத்தில் அமர்வாள், நான் போய்த் தட்டெழுதுவேன். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டவும் குறைக்கவும் எங்களுக்கு உரிமை இல்லை. மூலையில் எழுத இடமும் இல்லை.

உறுப்பினர்களிடம் எங்கள் ஊர் விஷயத்தைப் பேசவும் கூடாது, வேலை போய்விடும். ஆனால் நீங்கள் ஓர் எம்.பி.யிடம் போகலாம். அவர் அமைச்சரிடம் சபையில் கேள்வி கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். கேள்வியும் பதிலும் அச்சாகும். அச்சானதை யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது.

குளிரில் வெளியே படுக்காதீர்கள்.

அன்புடன்,
ஆர்த்திகா

*

தன்னாமுனை,
30.05.2005

மகளுக்கு, இருமல் விட்டுட்டு. வைத்தியர் வரல்ல, கொத்தமல்லி வந்துது. உன்ட உடம்பப் பாத்துக்க.

நீ சொன்னபடி டவுணுக்குப் போய் எம்பிட கந்தோரில குந்தினன். அங்க ரதீஸ் எண்டு ஒரு பொடியன், அவர்ட கிளாக்கு. “அம்மா, ஐயா கொழும்பில” எண்டான். அடுத்த கிழம போனா “ஐயா கூட்டத்தில” எண்டான். மூண்டாந்தரம் போனன், “ஐயா சாப்பிடுறார்” எண்டான். “அப்ப இஞ்சதான் இரிக்கார்” எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போயிட்டன்.

மனிசன் கையில பொரிச்ச மீனோட பாத்துக்கிட்டு இரிக்கார். “கோவிக்காதீங்க ஐயா, மீன் நல்லா இரிக்கா? அது எங்கட பக்கத்து மீனாத்தான் இரிக்கும். புடிச்சவங்களுக்குத்தான் ஊரில்ல” எண்டன். பாவம், சிரிச்சிட்டார். கை கழுவிப்போட்டு எல்லாத்தையும் எழுதி எடுத்தார். தில்லங்குடா ஆக்கள் எப்ப ஊருக்குத் திரும்பலாம் எண்டு கேள்வி போடுறாராம்.

இது அம்மாளுக்குக் குளிர்த்தித் திருவிழா நடக்கிற நாள். எங்கட கோயில் இல்ல, சிலையும் இல்ல. முகாமுக்குப் பின்னால ஒரு வேம்புக்குத் தண்ணி ஊத்திக் கும்பிட்டன். கேட்டிருப்பாள்.

பெரியம்மா

*

கொழும்பு,
24.08.2005

அன்புள்ள பெரியம்மா,

இந்தக் கடிதம் உங்களைச் சுகமாகக் காணட்டும்.

நேற்றுக் கேள்வி கேட்கப்பட்டது. நான் அமர்ந்திருந்த ஐந்து நிமிடத்தில்தான். எம்.பி. எழுந்து “வாகரை, தில்லங்குடா” என்றபோது என் பென்சில் முனை உடைந்துவிட்டது. வேறு பென்சில் எடுத்துத் தொடர்ந்தேன். அந்த மண்டபத்தில் நம் ஊரின் பெயர் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சிங்களத்துக்கு மாற்றிச் சொல்ல வேண்டிய தேவைகூட வரவில்லை. பதில் சொன்ன பிரதி அமைச்சரும் தமிழ் பேசுபவர்.

வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு சேலை அனுப்பியிருக்கிறேன்.

ஆர்த்திகா

*

தன்னாமுனை,
10.09.2005

என்ட தங்கத்துக்கு,

அம்மாள் கண் துறந்திட்டாள். நீ நல்லா இரிப்பாய். முகாம் முழுக்கச் சொல்லிப்போட்டன், ஒரு பானை பொங்கி எல்லாருக்கும் குடுத்தன். எங்கட ஊர்ப் பேர எங்கட புள்ளையே எழுதியிரிக்காள் எண்டு சொல்லச் சொல்ல எனக்கு வாய் நோகல்ல. சேல வந்துது. நல்ல நிறம்.

ஆனா புள்ள, கேள்வி கேட்டதெண்டு எழுதினாய். மறுமொழி என்னகா? அத எழுத அயத்துப்போயிட்டாய். கெதியா எழுது, இஞ்ச எல்லாரும் என்னத்தான் கேக்காங்க.

பெரியம்மா

*

தன்னாமுனை,
28.11.2005

ஆர்த்திகாவுக்கு. நான் இரிக்கன். நீயும் இரிப்பாய்.

ரெண்டு கடிதம் போட்டன், மறுமொழி வரல்ல. தபாலில காணாமப் போயிருக்கும் எண்டு நினைச்சன். காணாமப் போனது தபால் இல்ல.

டவுண் நூலகத்துக்குப் போனன். அங்க எத்தல் எண்டு ஒரு பறங்கி மனுசி வேல செய்யிறா, நல்லவ. எட்டாம் வகுப்புப் படிச்ச எனக்குக் கதிர போட்டுத் தந்தா. ஹன்சாட் வேணும் எண்டன். “எந்த நாள் அக்கா? இது பஞ்சாங்கம் இல்ல, குத்துமதிப்பாப் பாக்க” எண்டா. உன்ட கடிதத்தக் காட்டினன். எடுத்துத் தந்தா. விரல் வெச்சு வாசிச்சன்.

தில்லங்குடாவில் இருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் மீளக் குடியமர்த்தப்படுவரா எண்டு எங்கட ஆள் கேட்டிரிக்கார். மறுமொழி என்ன தெரியுமா? உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுறன். “(அ) இல்லை. மேற்படி இடத்தில் நிரந்தரக் குடியிருப்பாளர் எவரும் இருக்கவில்லை. பருவகால மீனவரின் தற்காலிக வாடிகளே இருந்தன. (ஆ) எழாது.”

எழாதாம். கேள்வி எழாதாம். எத்தல் என்னப் பாத்திட்டு, தண்ணி எடுக்க ஓடினா.

தமிழிலயே சொல்லியிரிக்கான். நாங்க வாடி போட்டு மீன் காய வெச்ச ஆக்களாம். அப்ப கடல் அடிச்ச அண்டைக்கு செத்ததெல்லாம் ஆர்? ஆரும் இருக்கல்லெண்டா புன்னையடியில கிடக்கிறது ஆரு?

மறுகா முகாமுக்கு வந்து உன்ட கடிதத்தத் திரும்ப வாசிச்சன். ஊர்ப் பேர் சொன்ன அந்த அஞ்சு நிமிசம் நீதான் இருந்ததாம். கேள்விக்குக் கீழ நாலு வரிதான் மறுமொழி. அதச் சொல்ல அஞ்சு நிமிசம் போகுமா? ஸஹீதாவா வந்து எழுதினாள்? பென்சில் உடைஞ்சதச் சொன்ன வாய்க்கு இதச் சொல்லக் கூடாதா? சேல அனுப்பினாய். அந்தச் சேலய நான் உடுக்கல்ல, உடுக்கவும் மாட்டன்.

அது உன்ட வளவுகா. நீ பொறந்த வீடு.

அன்னப்பூரணி

*

கொழும்பு,
29.12.2005

பெரியம்மா,

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வர எனக்கு விடுமுறை கிடைத்தது. நான் வரவில்லை. நீங்கள் தனியாகச் செய்திருப்பீர்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்கக்கூட எனக்குத் துணிவில்லை.

நான்தான் எழுதினேன். சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன், தெரியவில்லை. அங்கிருந்து எழுந்து நின்று “பொய்” என்று சொல்லியிருந்தால் காவலர்கள் என்னை வெளியே கொண்டுபோயிருப்பார்கள். அதுவும் ஹன்சாட்டில் வராது. அங்கே நான் பேச முடியாத ஆள்.

உங்களுக்கு நான் ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள்.

ஆர்த்திகா

*

தன்னாமுனை,
02.06.2007

ஆர்த்திகாவுக்கு,

ஒண்டரை வருசமா உனக்கு எழுதல்ல. சுகமில்லாம இல்ல, கோவம்தான். நீ அனுப்பின கடிதம் எல்லாம் வாசிச்சன். கல்யாணம் பேசுறாங்க எண்டு எழுதினாய், நல்லா நடக்கட்டும். அம்மாள் உன்னில கோவிக்கமாட்டாள், அவள் வேற நான் வேற.

இப்ப எழுதுறது ஏனெண்டா, வாகரைச் சனம் எல்லாம் செல்லடியில ஓடிவந்து பட்ட பாடு நீயும் கேள்விப்பட்டிருப்பாய். இப்ப இயக்கத்திட்ட இருந்து ஆமி ஊரப் புடிச்சாச்சு, பஸ் பஸ்ஸாத் திரும்ப ஏத்திக்கொண்டு போறாங்க. சுனாமி ஆக்களையும் சேத்துத்தான். இப்ப அந்த இருநூறு மீற்றர்க் கதையும் இல்லையாம், குறைச்சிட்டாங்களாம். நான் மூட்ட கட்டிப்போட்டு வரிசையில நிண்டன்.

மேசைக்கு அங்கால இருந்த அதிகாரி, “எந்த ஊர்?” எண்டான். தில்லங்குடா எண்டன். “அப்பிடி ஒரு குடியிருப்பு இல்லையே” எண்டு சொல்லிட்டு உள்ளுக்குப் போய் ஒரு போட்டோக்கொப்பி கொண்டுவந்தான். என்னது எண்டு நினைக்காய்? அதேதான். நீ எழுதினது. “அம்மா, இது பாராளுமன்றத்தில சொன்னது. நான் இதுக்கு மேல போகேலா. அங்க ஹோட்டல் கட்டக் காணி குடுக்கப் போறாங்க” எண்டான்.

“இதில எழுதினவள் அந்த ஊரில பொறந்தவள்” எண்டன். அவன் எனக்கு விசர் புடிச்சிட்டு எண்டு நினைச்சான். பின்னால நிண்ட ஆமினா உம்மா, ஓட்டமாவடியில இருந்து வந்து எங்களிட்ட கருவாடு வாங்குறவ, அவ கத்தினா: “டேய், இவட வீட்டில நான் வருசக் கணக்காச் சோறு திண்டிரிக்கன். நான் என்ன ஆவியோடயா திண்ட?” ஆரும் கேக்கல்ல. பஸ் போயிட்டு.

அந்தப் புத்தகத்த எத்தலிட்ட திரும்பக் கேட்டு வாங்கிப் பாத்தன். அட்டையிலயே போட்டிரிக்கு, “பிழை திருத்தப்படாதது” எண்டு. பிழை இரிக்கெண்டு தெரிஞ்சே அச்சடிக்கிறீங்களா? அப்ப திருத்துங்க. உன்ட வேல அதுதானே.

அன்னப்பூரணி

*

கொழும்பு,
18.06.2007

அன்புள்ள பெரியம்மா,

உங்கள் கடிதத்தை ஸஹீதாவுக்கும் வாசித்துக் காட்டினேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவளும் கேட்கிறாள்.

அட்டையில் இருக்கும் அந்த வரி எங்களுக்கல்ல, உறுப்பினர்களுக்கு. தன் பேச்சில் சொல் தவறியிருந்தால் அவரவர் குறித்து இரண்டு வாரத்துக்குள் அனுப்பலாம். சொன்னது பொய்யாக இருந்தால் அதைத் திருத்த அங்கே வழி இல்லை. சொன்னவரே மறுபடி எழுந்து சொன்னால்தான் உண்டு. அவர் சொல்லமாட்டார்.

ஆனால் பொதுமனு என்று ஒன்று இருக்கிறது. யாரும் எழுதலாம். ஓர் எம்.பி. அதைச் சபையில் சமர்ப்பிக்கும்போது, மனு தந்தவரின் பெயரையும் முகவரியையும் வாய்விட்டுச் சொல்வார். இன்ன ஊர், இன்ன இடத்தில் வசிக்கும் இன்னார் என்று. அது அப்படியே ஹன்சாட்டில் அச்சாகும். பிறகு மனுக்குழு உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கும்.

பெரியம்மா, முகவரியைக் கவனமாக எழுதுங்கள். விசாரணைக் கடிதம் அதற்குத்தான் வரும்.

ஆர்த்திகா

*

தன்னாமுனை,
11.01.2008

மகளுக்கு, தை பொறக்கப் போகுது. உன்ட புருசனுக்கும் உனக்கும் அம்மாள் நோய் நொடி தராமப் பாத்துக்கட்டும்.

மனு எழுதியாச்சு. எத்தல் தட்டச்சடிச்சுத் தந்தா. ரதீஸிட்ட கொண்டுபோனன். வாசிச்சிட்டு, “எல்லாம் சரி அம்மா, முகவரி பிழை. நீங்க இரிக்கிறது தன்னாமுனையில. முகாம் முகவரியப் போடுங்க” எண்டான்.

“நான் இரிக்கிறது தில்லங்குடாவில. தன்னாமுனையில நிக்கிறன்” எண்டன்.

“தில்லங்குடாவுக்குத் தபால் போகாது. விசாரணைக்குக் கூப்பிட்டா உங்களுக்குத் தெரியாமலே போயிரும். மனு தள்ளுபடி.”

“அப்ப முகாமப் போட்டா அவங்க என்ன வாசிப்பாங்க? தன்னாமுனையச் சேர்ந்த அன்னப்பூரணி தில்லங்குடாவில காணி கேக்கிறா எண்டுதானே? அந்தப் பிரதி அமைச்சர் சொன்னதுக்கு நானே கையெழுத்து வெச்ச மாதிரியில்லையா?”

பொடியன் பேனைய மேசையில தட்டிக்கிட்டே இருந்தான். “அம்மா, வீடு வேணுமா, புத்தகத்தில பேர் வேணுமா?” எண்டான்.

நல்ல கேள்விதான். புள்ள, வீடில்லாம மூண்டு வருசம் இருந்திட்டன், இன்னும் இரிப்பன். இல்லாதவளா இரிக்கமாட்டன். தில்லங்குடா எண்டே எழுதுவிச்சன். உனக்குப் புத்தியில்லாத வேலயாத் தெரியும். தெரியட்டும்.

பெரியம்மா

*

கொழும்பு,
04.02.2009

அன்புள்ள பெரியம்மா,

நீங்கள் சுகமா? எனக்கு இது ஏழாம் மாதம். நன்றாக நடக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன்.

மனு சபையில் சமர்ப்பிக்கப்பட்டதை முன்பே சொன்னேன். “வாகரை, தில்லங்குடா எனும் முகவரியில் வசிக்கும் திருமதி வினாயகமூர்த்தி அன்னப்பூரணி” என்று எம்.பி. தெளிவாகச் சொன்னார். அச்சிலும் இருக்கிறது, அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்டால் மறுபடி அதே தவறாகிவிடும் என்பதால் இதையும் எழுதுகிறேன். குழுவின் விசாரணைக் கடிதம் உங்களுக்குப் போய்த் திரும்பிவந்துவிட்டது. உறையில் “அப்படியொரு முகவரி இல்லை” என்று எழுதியிருக்கிறதாம். இன்னொரு தடவை அனுப்புவார்கள். அதுவும் திரும்பினால் மனுவை மூடிவிடுவார்கள். முகாம் முகவரிக்கு மாற்றித் தரும்படி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். தயவுசெய்து எழுதுங்கள்.

ஆர்த்திகா

*

தில்லங்குடா, வாகரை
29.06.2009

மகள் ஆர்த்திகாவுக்கு,

பொட்டப்புள்ள பொறந்த செய்தி எத்தலுக்கு நீ எடுத்த போனில வந்துது. அம்மாள் தந்த புள்ள. எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டு, கண்ணூறு படாம ஒரு பொட்டு வை.

நீ கேட்ட ஒரு வரிய நான் எழுதல்ல. மேல முகவரியப் பாத்திருப்பாய்.

சண்ட முடிஞ்சிட்டு எண்டு போன மாசம் டவுணில வெடி கொளுத்தினாங்க, பாற்சோறு குடுத்தாங்க. நான் வாங்கல்ல. எத்தினையோ தாய்மார் வடக்கால புள்ளயத் தேடிக்கிட்டு இரிக்காங்க. முடிஞ்சிட்டு எண்டு சொல்றவங்கதானே இருக்கல்ல எண்டும் சொன்னவங்க. அடுத்த நாள் ஆமினா உம்மாட மகன் பதியுதீன்ட லொறியில ஏறிட்டன்.

சோதனைச் சாவடியில ஆமிப் பொடியன், கொஞ்சம் தமிழ் தெரிஞ்சவன், “அம்மா எங்க போறது?” எண்டான். வீட்ட எண்டன். “அங்க வீடு இல்ல” எண்டான். “இருந்துது. இனியும் இரிக்கும். வேணுமெண்டா பாராளுமன்றத்தில கேளு, என்ட பேர் அங்க இரிக்கு” எண்டு நீ அனுப்பின தாளக் காட்டினன். தமிழ் வாசிக்கத் தெரியாது, மேல இரிக்கிற அரசாங்கச் சிங்க முத்திரையப் பாத்தான். கேற்றத் திறந்துவிட்டான்.

கிணறு மணலால தூந்துபோய்க் கிடக்கு. கட்டு மட்டும் தெரியுது. புன்னை நிக்குது. நாலு கம்பு நட்டுக் கிடுகு போட்டிரிக்கன். வேலியடியில ஹோட்டல்காரன் நட்ட எல்லைக்கல்லு ஒண்டு நிண்டுது, பிடுங்கி அடுப்புக்கு வெச்சிட்டன். ஆரும் வந்து கேட்டா சோறு போட்டுத்தான் மறுமொழி சொல்லுவன்.

வாகரைத் தபால் கந்தோருக்குப் போனன். “அங்க றோட்டில்ல, சைக்கிள் போகாது, ஒரு ஆளுக்காக வரேலா” எண்டான் தபால்காரன். “பதிவுத்தபால் வந்தா?” எண்டன். “பதிவுத்தபால் எண்டா ஆள்ட கையிலதான் குடுக்கோணும், வரத்தான் வேணும்” எண்டான். அது போதும்.

உன்னில எனக்குக் கோவம் போகல்ல. போன மாதிரி நடிக்கவும் எனக்குத் தெரியாது. ஆனா ஒரு வேல இரிக்கு, உன்னாலதான் ஏலும். சேல வேணாம், காசு வேணாம். கிழமைக்கு ஒரு கடிதம், பதிவுத்தபாலில. உள்ளுக்கு என்னத்தையும் எழுது, புள்ள சிரிச்சத எழுது, ஒண்டுமில்லாட்டி வெறுந்தாள மடிச்சு வை. குழுட ரெண்டாவது கடிதம் வரக்கிடையில இந்த மனிசன் மணலுக்குள்ளால சைக்கிளத் தள்ளிக்கொண்டு வந்து பழகிரோணும். வாசலில நிண்டு “அன்னப்பூரணி ஆரு?” எண்டு கேக்கோணும். நான் கையெழுத்து வெக்கோணும்.

உறைக்கு மேல முழுசா எழுது. ஒரு சொல்லையும் குறைக்காத.

வி. அன்னப்பூரணி,
தில்லங்குடா,
வாகரை.